“நன்றி கெட்டவள்” என்கிறார் கணவர்

கேள்வி:

கல்லாறுப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 42. கணவர் 11 வருடம் கத்தாரில் வேலை செய்துவிட்டு 2 வருடத்துக்கு முன் திரும்பி வந்தார். மகனுக்கு 16 வயது, இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. மகளுக்கு 11 வயது. என் சீதன வீட்டில்தான் இருக்கிறோம், அம்மாவும் எங்களோடுதான். நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாமா பாரிசவாதத்தில் விழுந்தபோது அவரைக் கடைசி வரைக்கும் இந்த வீட்டில் வைத்துப் பார்த்ததும் நான்தான்.

கணவர் நல்ல விசுவாசி. குடிப்பதில்லை, கை நீட்டியதும் இல்லை. ஆராதனையில் சாட்சி சொல்ல எழும்பினால் கண்ணீரோடு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுவார். வீட்டில் எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. களைப்பாய் இருக்கிறது என்று நான் சொன்னால், “வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மாதிரி முறுமுறுக்கிறாய், நன்றி கெட்டவள்” என்கிறார். மகனுக்கும் அதே பேச்சுத்தான்: “உனக்காகப் பாலைவனத்தில் வெந்தவன் நான்.” மகன் இப்போது குடும்ப ஜெபத்துக்கு வருவதை விட்டுவிட்டான்.

போன டிசம்பர் 26ஆம் திகதி காலை ஜெபத்தில், சுனாமியில் இருந்து தப்ப வைத்ததற்கு எல்லாரும் ஒவ்வொருவராக நன்றி சொல்லுங்கள் என்றார். என் அக்கா அந்த அலையில் போனவள். அம்மா வாய் திறக்கவில்லை. அதை விசுவாசக் குறைவு என்று கணவர் சொல்ல, “என்ட புள்ளைட வீட்டில இருந்துகொண்டு எனக்குப் படிப்பிக்கிறாரோ” என்று அம்மா கேட்டுவிட்டா. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

நான் நன்றி கெட்டவளா? கிறிஸ்தவக் குடும்பத்தில் நன்றி என்றால் என்ன?

— மட்டக்களப்பு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ஒரு பக்கத்தை இடியப்ப வேலையே பிடித்துக்கொண்டிருக்கிறது. விடிய மூன்றரை மணிக்கு எழும்புகிறீர்கள். வறுத்த மாவுக்குக் கொதிநீர் விட்டுக் குழைத்து, சூடு ஆறுமுன் உரலில் போட்டுப் பிழிகிறீர்கள். வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதால் இப்போது இடது கையால் அழுத்துகிறீர்கள். ஆறு மணிக்குள் கடைக்காரப் பெடியன் வந்து பெட்டியை எடுத்துப் போகிறான். பிறகு பிள்ளைகளுக்குச் சம்பலும் சொதியும். இவ்வளவும் செய்கிற ஒரு மனுசி மத்தியானம் கதிரையில் இருந்து “களைப்பாய் இருக்குது” என்று சொன்னால், அது உள்ள நிலவரம். உள்ளதைச் சொல்வதில் நன்றிக்கேடு எதுவும் இல்லை.

உங்கள் கணவர் எடுக்கிற வசனத்தையே நாமும் எடுத்துப் பார்ப்போம். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் சாப்பாடு இல்லாமல் மோசேக்கும் ஆரோனுக்கும் விரோதமாக முறுமுறுக்கிறார்கள். அவர்கள் பேசிய விதம் சரியென்று யாரும் சொல்லமாட்டோம். எகிப்தில் இறைச்சிச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தபோதே செத்திருக்கலாம் என்றார்கள். ஆனால் கர்த்தர் அதற்கு என்ன செய்தார்? அவர்களுடைய முறுமுறுப்பைக் கேட்டேன் என்று மோசேயிடம் சொன்னார். அன்று சாயங்காலம் காடை வந்தது, விடிய மன்னா வந்தது. பின்னால் எண்ணாகமத்தில் தண்டனையும் வருகிறது, அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனாலும் இந்த அதிகாரத்தில் பசி என்று கத்தியவர்களுக்குக் கிடைத்தது சாப்பாடு. முறுமுறுப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு திருவிருந்திலும் நாம் கேட்கிற வசனம்தான்: தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அவர் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, அதைப் பிட்டார். அதே இரவில், சில மணி நேரத்துக்குள், கெத்செமனேயில் இயேசு என்ன சொல்கிறார்? “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்கிறார். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கக்கூடுமா என்று பிதாவிடம் கேட்கிறார். கூட வந்த மூன்று பேரிடம் என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டு, அவர்கள் நித்திரையாய்க் கிடந்தபோது அதையும் சொல்லிக் குறைப்பட்டார். ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய்தான் துக்கத்தையும் சொன்னது. அவருக்கு இரண்டுக்கும் இடம் இருந்தது என்றால், உங்கள் குசினியிலும் இரண்டுக்கும் இடம் இருக்கவேண்டும்.

ஆகவே, களைப்பு என்று சொல்வதை நிறுத்தாதீர்கள். யாரிடம், எப்போது, எந்தக் குரலில் சொல்வது என்பதை வேண்டுமானால் யோசிக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கணவர். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அவர் செய்வது சரியென்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கினால்தான் உங்கள் வீட்டில் ஏதாவது மாறும்.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு எழுதப்படுகிறது. சைவக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ, வாவிக்கு மேற்கே படுவான்கரையோ கிழக்கே எழுவான்கரையோ, பெரும்பாலும் இதுதான் வழக்கம். பெண்களுக்கு இது பெரிய பாதுகாப்பு, அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். புருஷன் கடல் கடந்து போனாலும் உங்களுக்கு இருக்க இடமும் பக்கத்தில் தாயும் இருந்தது அதனால்தான். ஆனால் அவர் பக்கம் நின்று ஒருதரம் பாருங்கள். 11 வருடம் அந்த மனுசன் ஒரு அறையில் பல பேரோடு படுத்து, இங்கே ஒரு வீடு நடக்கக் காசு அனுப்பினார். கத்தாரில் கோடை மாதங்களில் நடுப்பகலில் வெளிவேலை வாங்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் தேவைப்படுகிற வெயில் அது. திரும்பி வந்து பார்த்தால், வீடு அவர் இல்லாமலே ஒழுங்காக நடக்கிறது. கரண்ட் பில் எங்கே கட்டுவது, மகளுக்கு எந்த ரியூசன், கடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில். பக்கத்து அறையில் மாமியார். அவர் காலை நீட்டி இருக்கிற கதிரைகூடத் தன்னுடையதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஆண்களோடு கதைக்கும்போது இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நன்றி, நன்றி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவர், பெரும்பாலும் “நான் இந்த வீட்டுக்குத் தேவையான ஆள்தானா?” என்று கேட்கிறார். அதை அப்படிக் கேட்க அவருக்கு வெட்கம். அதனால் அது அதட்டலாக வருகிறது, வசனத்தோடு வருகிறது. சபையில் அவர் எழும்பினால் எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்கள், ஆமென் சொல்கிறார்கள். அந்த 11 வருடத்துக்கு மரியாதை கிடைக்கிற ஒரே இடம் அவருக்கு அதுவாக இருக்கலாம். ஆகவே அவர் கண்ணீரை நடிப்பு என்று நினைக்காதீர்கள். அது உண்மைக் கண்ணீர் என்றுதான் நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். அவர் அனுப்பிய காசைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரேயொரு வரி: “கூரை மாற்றியது அவருடைய காசில்தான்.” அதை அவரிடம் எப்போதாவது வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாதது உங்கள் குற்றம் என்று நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் புருஷன் பெண்சாதிக்கோ, பெண்சாதி புருஷனுக்கோ நன்றி சொல்கிற பழக்கமே குறைவு. அந்நியருக்குத்தான் நன்றி சொல்வது, வீட்டு ஆளுக்கு என்ன நன்றி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு நெருக்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேரும் அது கிடைக்காமல் காய்ந்துபோய் இருக்கிறீர்கள்.

அவரிடம் எடுத்துக்காட்ட வசனம் வேண்டுமென்றால் கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். “நன்றியறிதலுள்ளவர்களாயுமிருங்கள்” என்று 15ஆம் வசனம் சொல்கிறது. 17இல் எதைச் செய்தாலும் பிதாவாகிய தேவனை ஸ்தோத்திரியுங்கள் என்று வருகிறது. அதற்கு அடுத்தாற்போல் பவுல் எங்கே போகிறார்? நேரே வீட்டுக்குள் போகிறார். மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. பிறகு 19இல் புருஷர்களுக்கு: உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள். 21இல் தகப்பன்மாருக்கு: பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள். எபேசியர் 5ஆம் அதிகாரத்திலும் இதே ஒழுங்குதான். 20ஆம் வசனத்தில் ஸ்தோத்திரம், 21இல் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள், 22இல் இருந்து குடும்பம். கர்த்தருக்குச் சொல்கிற நன்றி வீட்டாரிடம் பேசுகிற விதத்தில் போய்ச் சேரவேண்டும் என்பது பவுலுடைய எண்ணம் என்று நான் வாசிக்கிறேன்.

பவுலே அதைச் செய்தும் காட்டினார். ரோமர் 16ஆம் அதிகாரத்தை நாம் பெயர்ப்பட்டியல் என்று தள்ளிவிட்டுப் போகிறோம். அதில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற புருஷன் பெண்சாதியைப் பெயர் சொல்லி, என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள், அவர்களுக்கு நான் நன்றியுள்ளவன் என்று எழுதுகிறார். எல்லாம் கர்த்தர் செய்தது என்று சொல்லி மனுசரை விட்டுவிடவில்லை. யார், என்ன செய்தார் என்று எழுதுகிறார். நீதிமொழிகள் 31இல் வருகிற புருஷனும் அப்படித்தான். மனைவியைப் பார்த்து, “நீயோ அவர்கள் எல்லாருக்கும் மேற்பட்டவள்” என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த அதிகாரத்தைப் பெண்களுக்குப் படிப்பிக்கிற அளவுக்கு ஆண்களுக்கும் படிப்பிக்கவேண்டும்.

அம்பாறை மாவட்டத்தில் வயல் செய்கிற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். பெரும்போக வெட்டு முடிந்து சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால், முதற்கதிர்க் கட்டை அந்த மனுசன்தான் தோளில் வைத்து ஆலயத்துக்குள் கொண்டுபோவார். மனைவி பின்வாங்கில் இருப்பா. உரம், களைநாசினி, வெட்டு மெசின் கூலி, ஆட்களுக்குச் சாப்பாடு என்று ஒவ்வொரு சதத்தையும் சீஆர் கொப்பியில் எழுதி வைத்து, அடகுக் கடைக்குப் போகாமல் அந்தப் போகத்தை முடித்தது அந்தப் பெண். ஒரு வருடம் அவர் கதிரைக் கொண்டுபோகாமல் மனைவியின் கையில் கொடுத்தார். “இதுக்குக் கணக்கு வைச்சது இவ. இவ இல்லாட்டி இந்த நெல்லு வேற ஆள்ட களஞ்சியத்துக்குப் போயிருக்கும்” என்று சபைக்கு முன்னால் சொன்னார். பிறகு அந்தப் பெண் என்னிடம் சொன்னது: “ஆக்கள் முன்னால சொன்னது பெரிசில்ல. அந்தக் கொப்பிய அவர் திறந்து பாத்தவர் எண்டே எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.”

உங்கள் கணவர் உங்கள் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் காட்டுங்கள்.

எப்படிக் கதைப்பது? ஜெபம் முடிந்த கையோடு வேண்டாம், அப்போது எல்லாம் பிரசங்கமாகிவிடும். அம்மா கேட்கிற தூரத்திலும் வேண்டாம். ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் இரண்டு பேரும் நடந்துபோங்கள். முதலில் நீங்கள் கொடுங்கள். “நீங்க அங்க பட்ட பாடு எனக்கு முழுசாத் தெரியாது. இந்தக் கூரை நிக்கிறது உங்கட உழைப்பில. அத நான் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லல்ல, இப்ப சொல்றன்.” இவ்வளவும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் நடங்கள். அவர் ஏதாவது சொன்னால் கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பங்கு. “எனக்கும் ஒரு விசயம் சொல்லணும். நான் களைப்பு எண்டா அது உங்களுக்கு எதிரான பேச்சில்ல, கர்த்தருக்கு எதிரான பேச்சும் இல்ல. என்ன நன்றி கெட்டவள் எண்டு மட்டும் சொல்லாதீங்க. அது எனக்குத் தாங்கேலாம இருக்கு.” அன்றைக்கே எல்லாம் மாறாது. ஆனால் நீங்கள் முதலில் கொடுத்த நன்றியை, அவர் திருப்பித் தரவில்லை என்பதற்காக அடுத்த நாள் வாபஸ் வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் உங்கள் நன்றியும் கணக்குப் பார்க்கிற நன்றியாகப் போய்விடும், அதைத்தானே நீங்கள் அவரிடம் குறை சொல்கிறீர்கள்.

மகனைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. “உனக்காக வெந்தவன்” என்று தகப்பன் சொல்லும்போது பையனுக்குக் கேட்பது கடன்காரனின் குரல். தான் பிறந்ததே ஒரு செலவு என்று அவனுக்குப் படுகிறது. தான் கேட்காத கடன், அடைக்க வழியும் இல்லாத கடன். அப்படி இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? கடன்காரன் இருக்கிற பக்கம் போகாமல் விடும். உங்கள் வீட்டில் அந்தக் கடன் நினைவூட்டப்படுகிற இடம் ஜெபமாகிவிட்டது, அவன் ஜெபத்தை விட்டுவிட்டான். அவனுக்குத் தேவன் மேல் கோபம் என்று உடனே முடிவு கட்டவேண்டாம்.

லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், ஒருவன்தான் திரும்பி வருகிறான், அவனும் சமாரியன். “மற்ற ஒன்பதுபேர் எங்கே?” என்று இயேசு கேட்டார். அவருக்கும் அது வலித்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வந்ததாக வேதம் சொல்லவில்லை. கொடுத்ததைக் கொடுத்ததாகவே விட்டார். தகப்பன்மாரும் தாய்மாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

மகன் தகப்பனுடைய பாட்டை அறியவேண்டாமா? கட்டாயம் அறியவேண்டும். ஆனால் கதையாக அறியட்டும். முதல் சம்பளம் கிடைத்த அன்று என்ன சாப்பிட்டார், கப்பல் மாதிரி இருந்த அந்த அறையில் யார் யார் படுத்தார்கள், மகன் முதன்முதலில் பள்ளிக்கூடம் போன அன்று போனில் என்ன கதைத்தான், எந்த இரவில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். கடைசியில் “ஆகவே நீ…” என்று ஒரு வசனம் வராமல் இந்தக் கதையைச் சொல்ல முடிந்தால், பதினாறு வயதுப் பையன் கேட்பான். நன்றி சொல்லமாட்டான். அந்த வயதில் சொல்லத் தெரியாது. கேட்டுக்கொண்டு இருப்பான், அது போதும். குடும்ப ஜெபத்துக்கு இப்போது அவனை வற்புறுத்தாதீர்கள். பரீட்சை முடியட்டும். ஜெபத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், ஜெபத்துக்குள் யாரையும் திருத்துவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். கர்த்தரிடம் பேசுவதுபோல மகனுக்குப் புத்தி சொல்வது அவருக்கும் நல்லதில்லை, மகனுக்கும் நல்லதில்லை.

அம்மா விடயத்தில் நான் அம்மாவின் பக்கம்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் கல்முனை, பாண்டிருப்புப் பக்கத்திலும் காலையில் அலை வந்தபோது, பல வீடுகளில் முதல் நாள் செய்த பலகாரம் இன்னும் மேசையில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு இந்தக் கரையில் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. 25இல் பிறப்பின் பாட்டு, 26இல் நினைவுச் சுடர். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும் அப்படித்தான், செத்தவர்களில் பலர் ஞாயிறுப் பாடசாலைக்கு வந்த சின்னப் பிள்ளைகள். இப்படிப்பட்ட ஊரில் “தப்பினோம், ஸ்தோத்திரம்” என்று சொல்லும்போது பக்கத்தில் தப்பாதவருடைய தாய் இருக்கிறாவா என்று பார்த்துச் சொல்லவேண்டும். நீங்கள் தப்பியது நன்றிக்குரியதுதான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு, அந்த ஒரே வசனத்துக்குள் மூத்த மகள் கைவிடப்பட்டாள் என்றும் கேட்கிறது. அவ வாய் திறக்காமல் இருந்ததில் எனக்கு விசுவாசக் குறைவு தெரியவில்லை. ஜெபத்தை விட்டு எழும்பிப் போகாமல் அந்த இடத்திலேயே இருந்தாவே.

13ஆம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிறது. ஆறே வசனம்தான். கடைசி வசனம் அவர் நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. தாவீது ஆறு வசனத்தில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒரு தாய் இருபது வருடத்தில் போய்ச் சேராமல் இருக்கலாம். முதல் வசனத்தில் நிற்கிறவவும் சங்கீதத்துக்குள்தான் நிற்கிறா. வருகிற 26ஆம் திகதி நன்றி சொல்லும் வரிசை வேண்டாம். அக்காவின் படத்துக்கு முன்னால் அம்மா விரும்பினால் அவளைப் பற்றி ஏதாவது சொல்லட்டும், அவளுக்குப் பிடித்த பாட்டைப் பாடுங்கள். உங்கள் கணவர் அந்த ஜெபத்தை நடத்தட்டும், ஆனால் முதலில் அம்மாவிடம் போய், “மாமி, அண்டைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கப்படாது” என்று சொல்லிவிட்டு நடத்தட்டும். அதே நேரம், அம்மாவிடம் நீங்கள் ஒன்று சொல்லவேண்டும், அதை உங்களால்தான் சொல்ல முடியும். “என்ட புள்ளைட வீடு” என்ற பேச்சு இனி இந்த வீட்டில் வரக்கூடாது. அந்த ஒரு வார்த்தை அவருடைய 11 வருடத்தையும் முற்றத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு விடயத்தை நான் விடமாட்டேன். அவர் இரவு இரண்டு மணிக்கு எழும்பி விடியும்வரைக்கும் முற்றத்தில் இருக்கிறார், சாப்பாடு குறைந்துவிட்டது என்கிறீர்கள். இது பல மாதமாக என்றால், வெறும் குணம் என்று விடாதீர்கள். மனச்சோர்வு ஆண்களிடம் அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது அதிகம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணைக்குப் பொறுப்பானவர் இருப்பார். உங்கள் போதகர் மேல் கணவருக்கு மதிப்பு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். போதகர் வாயால் “ஒருதரம் வைத்தியரிடம் காட்டுவோம்” என்று வந்தால் போவார்.

இதை வாசிக்கிற வேறு சில பெண்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. இந்தத் தங்கச்சியின் கணவர் கை நீட்டுவதில்லை. உங்கள் வீட்டில் அடி விழுகிறது, அதற்கும் “பொறுத்துக்கொண்டு ஸ்தோத்திரி” என்று யாராவது சொல்கிறார்கள் என்றால், அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். அடியைத் தாங்கிக்கொண்டு நன்றி சொல்லும்படி கர்த்தர் யாரிடமும் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவசரம் என்றால் 119.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதி, பிறகு பேனையால் கீறி வெட்டியிருந்த ஒன்று. வெட்டியதற்குள்ளாலும் வாசிக்க முடிந்தது. சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் அவர் தன் பெயரை மட்டும் எழுதுகிறார், அதில் உங்கள் இடியப்பக் காசும் இருக்கிறது, தனியாக ஒரு உறை உங்கள் பெயரில் போட்டால் அது பெருமை தேடுவதா என்று கேட்டிருந்தீர்கள். பெருமை இல்லை. ஆனால் தனி உறை போடுவதற்கு முன் அவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்: “ரெண்டு பேர்ட பேரையும் எழுதுங்களன்.” எழுதினால் நல்லது. மறுத்தால் உங்கள் பெயரில் தனியாகப் போடுங்கள். போதகரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், வாசிக்கும்போது இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் குடும்ப உளவளத்துணையாளர்